பையில் என்ன வைப்பீர்கள்?

இருநூற்றுப் பதினான்கு பேர் வந்து மனம்விட்டுப் புலம்பிவிட்டுப் போகிற ஓர் இடத்துக்கு வாசலில் யார் நிற்பது? நிற்கிறவர் எதைப் பார்த்து ஒருவரை உள்ளே விடுவது, எதைப் பார்த்து இன்னொருவரைத் திருப்பி அனுப்புவது? கனமான புத்தகங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. கேட்ட அளவுக்குப் பதில் சொன்னதில்லை. ஒரு செருப்புக் கடையின் சாமான் அறையில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்தபடி ஏழு வருஷம் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவள் ஒருத்தி இருந்தாள். அது தத்துவக் கேள்வி என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், "அப்படியா, கொஞ்சம் உக்காருங்க, இந்தக் குழந்தைக்கு அளவு எடுத்துட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

கடையில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். கால் அளவு எடுக்க இரும்புத் தகடு ஒன்று இருந்தது. அதை அவள் தொடுவதே இல்லை. பெருவிரல் நுனியில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து, குதிகாலில் சுண்டுவிரலை நுழைத்து ஒரு பார்வை, அவ்வளவுதான். வாடிக்கையாளர் வாசலில் நடந்து வரும்போதே எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்று முடிவு பண்ணிவிடுவாள். இது ஒன்றைத் தவிர அவளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோபம் சட்டென்று வரும். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மற்றவர் வீட்டுக் கதை என்றால் காது ஒரு முழம் நீளும்.

வீடு, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர். மகளுக்குப் பதினான்கு வயது. பேச்சு வராது, நடை வராது, சக்கர நாற்காலிதான். அவளுக்கு அப்பா வைத்த பெயர் மேனேஜர். எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த விருந்தாளி எப்போது நடையைக் கட்டுவது எல்லாம் அவள் முடிவு. தலையை இடப்பக்கம் சாய்த்தால், "மீட்டிங் முடிஞ்சுது, எல்லாரும் எந்திரிங்க" என்பார் அப்பா. யாராவது தும்மினால் அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். அதற்காகவே அவர் ஒரு நாளைக்கு நாலு பொய்த் தும்மல் போடுவார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு ஒரு அம்மா வந்தாள். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். இரண்டு வயது மகனுக்கு வலது காலில் முழங்கால் வரைக்கும், காலை நேராகப் பிடிக்கிற தாங்கு கட்டியிருந்தது. தாங்கோடு நுழைய வேண்டும் என்றால் வலது காலுக்கு இரண்டு அளவு பெரிய ஷூ வேண்டும். இரண்டு ஜோடி வாங்கி இரண்டிலும் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். அளவக்கா ஒரு பெட்டியிலிருந்து இடதையும் இன்னொரு பெட்டியிலிருந்து வலதையும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

முதலாளி வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். "ஜோடியைப் பிரிச்சுட்டியே, மிச்சம் இருக்கிற ரெண்டையும் யார் காலுல மாட்டறது? உன் காலுலயா?"

"எதிர்க்கால் பெருசா இருக்கிற குழந்தை ஒண்ணு இருக்காதா சார்? கண்டுபிடிச்சுத் தரேன்."

கண்டுபிடித்தாள். அந்தக் குழந்தையின் அம்மாவையும் தையல்காரியையும் போனில் சேர்த்துவிட்டாள். ஷூவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசியவர்கள் மற்றதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மூன்றாவது ஆள் வந்தாள், பத்தாவது ஆள் வந்தார். போனில் ஒரு குழு ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது அளவக்காவின் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற வார்த்தையையே வைத்துவிட்டார்கள்: கொஞ்சம் உக்காருங்க.

அந்தக் குழுவில் ஞானமெல்லாம் எதுவும் கிடையாது. வெளியே சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று விழுங்கி வைத்ததை அங்கே வந்து துப்பினார்கள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு முதல் ரேங்க். சிரிச்சுக்கிட்டே வாழ்த்து சொல்லிட்டு வந்து பாத்திரத்தை எல்லாம் டமால் டமால்னு கழுவினேன்" என்று ஒருத்தி எழுதுவாள். "இன்னைக்குப் பஸ்ல ஒருத்தன் என் பையனை முறைச்சுப் பாத்தான். சண்டை போட்டேன். தோத்துட்டேன். ஆனா நல்லா இருந்துச்சு" என்று ஒரு அப்பா எழுதுவார். உடனே இருபது பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சட்டம் மூன்றுதான். இங்கே சொன்னது வெளியே போகக் கூடாது. எதையும் விற்கக் கூடாது. "கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. மூன்றாவது சட்டம் தையல்காரி போட்டது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஆள் கூடக்கூட ஈயும் கூடியது. மூன்றே மாதத்தில் நடக்க வைக்கிறேன் என்று எண்ணெய் விற்க வந்தார்கள். ஐயோ பாவம் என்று எட்டிப் பார்க்க வந்தார்கள். அதனால்தான் வாசலில் ஓர் ஆள் தேவைப்பட்டது. உள்ளே வர விரும்புகிறவர்கள் மதியம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் அளவக்காவுக்குப் போன் பண்ண வேண்டும். பெயர், முகவரி, குழந்தைக்கு என்ன வியாதி, எதுவும் கேட்க மாட்டாள். அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்று.

"குழந்தையைக் கூட்டிக்கிட்டு வெளிய கிளம்பறப்போ, பையில என்ன வைப்பீங்க?"

ஏமாற்ற வந்தவர்கள், "மருந்து, தண்ணி பாட்டில்" என்பார்கள். பெற்றவர்களோ கேள்வி முடிவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். மாற்றுத் துணி இரண்டு, அதில் ஒன்று எனக்கு. வளைந்த ஸ்பூன், அது இல்லாவிட்டால் வாய் திறக்க மாட்டான். காது அடைக்கிற ஹெட்போன். அதே பிளாஸ்டிக் டைனோசர், வால் உடைந்தது, புதுசு வாங்கினால் ஒத்துக்கொள்ள மாட்டான். நடுவில் அழுகை, நடுவில் சிரிப்பு, "ஐயோ, நேத்து ஸ்பூனை மறந்துட்டுப் போய் நான் பட்ட பாடு இருக்கே" என்று ஒரு கதை. அளவக்கா ஷூ அளவு குறிக்கிற பழைய நோட்டில், போன் எண்ணோடு, எல்லாவற்றையும் எழுதி வைப்பாள். ஏழு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

கர்வம் வந்த இடத்தில் கவனம் சற்றுக் கண்ணயரும். அவளுக்கும் அதுதான் நடந்தது.

ஒரு நாள் மெல்லிய குரலில் ஒரு பெண் போன் பண்ணினாள். ஸ்பூன், துண்டு, மாற்றுத் துணி, உறிஞ்சு குழல், சான்றிதழ் நகல், துண்டு, பழைய பொம்மை, வாய் துடைக்கும் துணி என்று மளமளவென்று சொன்னாள். துண்டு இரண்டு தடவை வந்ததைக் கேட்டு அளவக்கா சிரித்துவிட்டாள். "ஒரு துண்டு எந்த மூலைக்கு? நீ பெத்தவதான், உள்ள வாம்மா" என்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஓர் ஆள் போன் பண்ணினார். பின்னால் ஏதோ இரும்பு உரசுகிற சத்தம்.

"பையில என்ன வைப்பீங்க சார்?"

"பை எல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுமே வைக்க மாட்டீங்களா?"

"இல்லீங்க."

"மன்னிச்சுக்கங்க சார், இது பெத்தவங்களுக்கு மட்டும்" என்று போனை வைத்துவிட்டு, நோட்டில் 'பை இல்லை' என்று எழுதி ஒரு கோடு இழுத்தாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. தையல்காரியின் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுவான், முக்கியமாகப் பட்டன். ஒரு பிற்பகலில் அவள் குழுவில் எழுதினாள்: "இன்னைக்கு அவனை ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு மாடிக்குப் போய்த் தண்ணித் தொட்டிகிட்ட பத்து நிமிஷம் நின்னேன். இறங்கவே வேண்டாம்னு தோணுச்சு. அப்புறம் இறங்கி வந்தேன். அதுக்குள்ள பள்ளிக்கூடச் சட்டையில ரெண்டு பட்டனைக் காணோம்."

மூன்றாம் நாள் ஒரு தெரபி சென்டரின் விளம்பரம் எல்லார் போனிலும் சுற்ற ஆரம்பித்தது. நடுவில் அவள் எழுதிய அதே வரிகள், ஸ்கிரீன்ஷாட்டாக. பெயர் இருந்த இடத்தை மட்டும் மை பூசி மறைத்திருந்தார்கள். "இப்படித் தவிக்கும் தாயா நீங்கள்? தொண்ணூறு நாளில் மாற்றம்!" என்று கீழே கொட்டை எழுத்து. 'இறங்கவே வேண்டாம்னு தோணுச்சு' என்பதோடு படத்தை வெட்டிவிட்டார்கள். பட்டன் வரி அதில் இல்லை.

கடைக்குப் போன் வந்தபோது அளவக்கா ஒரு பையனுக்குப் பள்ளி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாத்தனார் போனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டா. 'இது உங்க மாடித் தொட்டிதானே அண்ணி'ன்னு கேக்கறா. மாமியார் காதுக்கும் போயாச்சு. இவளால முடியல, பையனை எங்கயாவது ஹாஸ்டல்ல விட்டுடலாம்னு வீட்டுல உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? நான் எழுதினதுதானே?" தையல் மெஷினை மறுபடி ஓட்டினாள். "அக்கா, நான் அதை உங்ககிட்டதான் சொன்னேன். ஊருக்குச் சொல்லல."

அளவக்கா போனை வைத்தாள். அன்று அந்தப் பையனுக்கு இரண்டும் இடது கால் ஷூவாகப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. அவனுடைய அப்பா திரும்பி வந்து, "ஏங்க, என் பிள்ளை வட்டமாவே நடக்கணுமா?" என்று கேட்டபோதுகூட அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் பண்ணினாள். சென்டர்காரர் நிதானமாகப் பேசினார். "அது எங்க கற்பனை மேடம். எந்தத் தாய்க்கும் இப்படித்தானே இருக்கும்? உங்க குழுவை எங்களுக்குத் தெரியவே தெரியாது."

குழுவில் முப்பத்தெட்டுப் பேர் இரண்டே நாளில் வெளியேறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. எழுதிய ஒன்றிரண்டும், "இன்று வெயில் அதிகம்" என்ற ரகம். தையல்காரிக்கு வீட்டிலும் வாயைத் திறக்க முடியாது, இங்கேயும் முடியாது என்று ஆகிவிட்டது. யார் வாசலில் நின்றாளோ அவளால் ஆனது. அளவக்கா இதை நன்றாகவே உணர்ந்திருந்தாள். குறைந்தபட்சம் ஓட்டை எங்கே என்றாவது தெரிய வேண்டும்.

அந்த வாரம் மேனேஜருக்கு மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனை. கணவர் அரை நாள் விடுப்பு போட்டு வந்திருந்தார். காத்திருக்கும் கூடத்தில், எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போன வருஷம் அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி, புதிதாக வரும் அம்மாக்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறார்கள், ஏதாவது எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டதற்கு அளவக்கா எழுதிக் கொடுத்தது. நர்ஸ் அதை டைப் அடித்து ஊரில் உள்ள எல்லா மருத்துவமனைக் கூடங்களிலும் ஒட்ட ஏற்பாடு பண்ணியிருந்தாள். ஒட்டிய அன்று அளவக்கா அதன் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டாள்.

பொழுது போகாமல் கணவர் அதைச் சத்தமாகப் படித்தார். "வெளியே கிளம்பும்போது பையில் வைக்க வேண்டியவை. ஸ்பூன், துண்டு, மாற்றுத் துணி, உறிஞ்சு குழல், சான்றிதழ் நகல், துண்டு... ஏம்மா, துண்டை ரெண்டு தடவை எழுதியிருக்கியே?"

"எங்க?"

"இதோ. ரெண்டாவதும் துண்டு, ஆறாவதும் துண்டு. குளிக்கவா போறோம்?"

அளவக்கா எழுந்து போய்ச் சுவரோடு மூக்கு உரச நின்று படித்தாள். தன் பூட்டுக்குச் சாவியைத் தானே அடித்து, ஊரில் உள்ள சுவரில் எல்லாம் மாட்டியிருக்கிறாள். அந்த மெல்லிய குரல் எழுத்துப் பிசகாமல் வரிசையாக ஒப்பித்தது இதைத்தான். பெற்றவர்கள் யாராவது பையைப் பற்றி வரிசையாகப் பேசியிருக்கிறார்களா? ஒரு பொருளைச் சொல்வதற்குள் மூன்று கதைக்குத் தாவி, முதலில் சொன்னதை மறந்து, "எங்க விட்டேன்?" என்று அவளையே கேட்பார்கள் அல்லவா?

"என்னம்மா ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. நான் ஒரு மக்கு."

"அது எனக்குத் தெரியும். இன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன்." பேச்சோடு பேச்சாக ஒரு தும்மலும் போட்டு வைத்தார். கூடம் முழுக்கக் கேட்க மேனேஜர் சிரித்தாள்.

மறுநாள் மதியம் லாரி செருப்புக் கடை வாசலில் நின்றது. மேனேஜரைச் சிறப்புப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவது கம்பெனிக்குத் தெரியாத ஏற்பாடு. முன் சீட்டில் பட்டை கட்டி உட்கார வைத்திருந்தார். பின்னால் கான்கிரீட் உருளை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அளவக்கா ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சென்டர் கண்ணாடிக் கதவு போட்ட இடம். சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகளின் படம். முன் மேஜையில் ஓர் இளம்பெண். அளவக்கா தன் நோட்டைப் பிரித்து, அந்த மெல்லிய குரலின் எண்ணைப் போனில் அழுத்தினாள். மேஜை மேல் இருந்த போன் அடித்தது. பெண் எடுத்து, "ஹலோ" என்றாள். "ஹலோ" என்றாள் அளவக்காவும், அவள் எதிரிலேயே நின்று.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அக்கா, சேரச் சொன்னாங்க, சேர்ந்தேன். எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன்."

"துண்டு ரெண்டு தடவை சொன்னியே, யோசிக்கவே இல்லையா?"

"ரெண்டு வேணும்போல இருக்குன்னு நெனச்சேன் அக்கா. எனக்கு என்ன தெரியும்?"

சென்டர்காரர் உள்ளேயிருந்து வந்தார். வரும்போதே கண் கதவுக்கு வெளியே போயிற்று. "யாரு லாரியைக் கேட் முன்னாடி நிறுத்தினது?"

"நம்ம லாரிதான் சார்" என்றார் கணவர், படியில் நின்றபடி. "நீங்க பேசி முடிங்க. அரை மணியில எடுக்கலைன்னா உள்ள கெட்டியாயிடும். கெட்டியாகறதுக்கு முன்னாடி எங்கயாவது கொட்டியாகணும்."

"மிரட்டறீங்களா?"

"ஐயையோ, இல்ல சார். சிமெண்டோட குணத்தைச் சொன்னேன்."

அளவக்கா விளம்பரத்தை அவர் முன்னால் காட்டினாள். "இது உங்க கற்பனைன்னு சொன்னீங்க. இந்தக் கற்பனைக்குக் கடைசியில ரெண்டு பட்டன் உண்டு. அதை ஏன் வெட்டினீங்க?"

அவர் முழித்தார். லாரியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். வெளியிலிருந்து வந்த தூசியில் பலமாக ஒரு தும்மல் போட்டார். லாரியின் முன் சீட்டிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் விளம்பரம் எல்லா இடத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. அதை அவர் தானாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. கட்டாயத்தில் செய்தார் என்றும் நிரூபிக்க முடியாது.

அங்கிருந்து அளவக்கா தையல்காரியின் வீட்டுக்குப் போனாள். மாமியார், நாத்தனார், கணவன் மூவரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரி மெஷினுக்குப் பின்னால் இருந்தாள். அவளுடைய மகன் அளவக்காவின் ரவிக்கை ஊக்கைக் குறி வைத்து நகர்ந்து வந்தான்.

"அவளே எழுதியிருக்கா, இறங்க வேண்டாம்னு தோணுச்சுன்னு" என்றாள் மாமியார். "அப்படிப்பட்டவகிட்டப் பிள்ளையை எப்படிம்மா விடறது?"

"அதுக்கு அடுத்த வரியைப் படிச்சீங்களா?"

"அடுத்த வரி எங்க இருக்கு?"

குழுவில் இருப்பதை வெளியே காட்டக் கூடாது என்பது அளவக்காவே காக்கிற சட்டம். அவள் தையல்காரியைப் பார்த்தாள். "உன்னுது. காட்டறதும் காட்டாததும் உன் இஷ்டம்."

தையல்காரி மெஷினை விட்டு எழுந்தாள். போனை எடுத்து முழுவதையும் தானே படித்தாள். பட்டன் வரிக்கு வந்தபோது குரல் உடைந்து, பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது.

"இவ பத்து நிமிஷம் நின்னான்னு எல்லாரும் எண்ணிட்டீங்க" என்றாள் அளவக்கா. "பதினோராவது நிமிஷம் இறங்கி வந்தாளே, அதை யாரும் எண்ணலையே. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் யாராவது வந்து பிள்ளையைப் பாத்துக்கிட்டிருந்தா அவ மாடிக்கே போயிருக்க மாட்டா."

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, அந்த ரெண்டு பட்டன் என்ன ஆச்சு?"

"ரெண்டாம் நாள் வந்துடுச்சு" என்றாள் தையல்காரி. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஹாஸ்டல் பேச்சு அன்று நின்றது. ஒரேயடியாக நின்றதா என்று சொல்ல முடியாது. நாத்தனார் மட்டும் வாரம் இரண்டு நாள் மாலையில் வர ஆரம்பித்தாள்.

குழுவில் வேறு பேச்சு கிளம்பியது. இனிமேல் கேள்வி எல்லாம் வேலைக்கு ஆகாது, டாக்டர் சான்றிதழ் வேண்டும், குழந்தையின் போட்டோ வேண்டும், அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். "அக்கா, உங்க நல்ல மனசை வெச்சுக்கிட்டு எங்க மானத்தைக் காப்பாத்த முடியாது" என்று ஒருவர் பளிச்சென்று எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சான்றிதழுக்கு அலைந்து அலைந்து ஓய்ந்தவர்கள், இன்னும் வியாதியின் பெயரையே வாயால் சொல்லாதவர்கள், இவர்களும்தானே வருவார்கள் என்று இன்னொருத்தி எழுதினாள். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயமும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

அளவக்கா சாமான் அறையில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். தவறாக உள்ளே விட்டது ஒன்று. அப்படியானால் தவறாக வெளியே தள்ளியது எத்தனை? கோடு இழுத்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், 'பை இல்லை' என்ற இடத்தில் நின்றாள். போன் பண்ணினாள். அதே இரும்புச் சத்தம்.

"சார், ரெண்டு மாசம் முன்னாடி பேசினோமே. பை இல்லைன்னு சொன்னீங்க. ஏன் இல்லைன்னு நான் கேக்கல."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. "வெளிய கூட்டிக்கிட்டுப் போனாத்தானேங்க பை? அவளுக்குப் பதினோரு வயசு. நாங்க மூணாவது மாடி. கனம் ஆயிட்டா, தூக்கிக்கிட்டு இறங்க முடியல. நாலு வருஷம் ஆச்சு."

"லிஃப்ட் இல்லையா?"

அவர் சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. ஊர் பூரா லிஃப்ட் பாக்கறேன். எங்க பில்டிங்ல லிஃப்ட் கிடையாது."

அளவக்கா நோட்டில் தான் இழுத்த கோட்டை அடித்துவிட்டாள். "மன்னிச்சுக்கங்க. உள்ள வாங்க" என்றாள்.

அவர் உள்ளே வந்தார். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ஒருத்தியின் வீட்டுச் சக்கர நாற்காலி கீச்கீச்சென்று கத்துகிறது என்று எழுதியபோது மட்டும், "பின் சக்கரத்து அச்சில் முடி சுற்றியிருக்கும். எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய்" என்று எழுதினார். இருந்தது என்று பதில் வந்தது. அதற்கு அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான். தையல்காரி அதற்குள் தேறிவிட்டாள். "இன்னைக்கு மாடிக்குப் போனேன். துணி காயப் போட. யாரும் பயப்படாதீங்க" என்று எழுதினாள். நாற்பது பேர் சிரித்தார்கள். வெளியேறியவர்களில் சிலர் திரும்பினார்கள். சான்றிதழ் பேச்சு மட்டும் நாளுக்கு நாள் சூடேறியது. அளவக்கா என்ன முடிவு சொல்லப் போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் அவள் எழுதினாள்: "நாளையில இருந்து வாசல்ல லிஃப்ட் சார் நிப்பார். யாரைச் சேர்க்கறது, என்ன கேக்கறதுன்னு அவர் முடிவு. நான் மத்தவங்களை மாதிரி உள்ள இருக்கேன்."

குழு அல்லோலகல்லோலப்பட்டது. நேற்று வந்த ஆள், வாய் திறக்காத ஆள், அளவக்காவே ஒருதரம் வேண்டாம் என்று அனுப்பிய ஆள்! லிஃப்ட்காரரே பதறிப்போய் வேலை உடையோடு கடைக்கு ஓடி வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் வராதுங்க. நான் என்ன கேக்கணும்?"

"அந்த வாசலுக்கு வெளிய நின்னு பாத்தவர் இங்க நீங்க ஒருத்தர்தான்" என்று அவள் நோட்டை அவர் கையில் வைத்தாள். எழுதிய பக்கங்களை எல்லாம் முன்பே கிழித்து எடுத்திருந்தாள். வெறும் தாள்கள்தான் மிச்சம். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிரீஸ் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் மேனேஜருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவரை ஏன் நிறுத்தினாய் என்று கணவர் கேட்டார். சீப்பு நிற்கவில்லை, பதிலும் வரவில்லை. மறுநாள் தையல்காரி கடைக்கே போன் பண்ணினாள்.

"ஏங்க்கா? எங்க யார்கிட்டயும் தோணாதது அவர்கிட்ட என்னக்கா இருக்கு? எனக்காவது சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒரு குழந்தை வந்திருக்கு" என்றாள் அளவக்கா. "ஷூ மாட்டணும், வெச்சுடறேன்."

கடையில் அப்போது யாருமே இல்லை.